சேற்றுப் பாட்டில்

டேய் குண்டா,

பதில் போடவில்லை என்று திட்ட வேண்டியதை நேரில் வந்து திட்டிக்கொள். அம்மா நலம். பெரிசு இன்னும் அந்த மோட்டார் சைக்கிளை விற்கவில்லை, விற்கவும் மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோவில் வகுப்பில் தமிழோடு கொஞ்சம் அறிவியலும் சொல்லிக்கொடு என்றார்கள். எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை எடுத்துக்கொண்டேன். மாயேபூர்ப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? 2020 ஆகஸ்டில் நம் மொரீஷியஸ் கரையில் தரைதட்டிய வகாஷியோ கப்பலிலிருந்து ஏறக்குறைய 1000 டன் எண்ணெய் கொட்டியபோது, கரும்புச் சோகையைத் துணியில் திணித்து ராத்திரி பகலாக மிதவை தைத்தோமே, அப்போது இந்த வாண்டுகளில் பாதி இடுப்புப் பிள்ளைகள்.

இரண்டு ஜாம் பாட்டிலில் கடல்நீர், மேலே சில சொட்டு சமையல் எண்ணெய். ஒன்றில் மட்டும் அலையாத்திச் சேறு ஒரு கரண்டியும் கரும்பு உரம் ஒரு சிட்டிகையும். மற்றதில் கொதிக்கவைத்து ஆறிய கடல்நீர்தான், வேறொன்றுமில்லை. மூடியை இறுக்காமல் அவ்வப்போது ஆட்டிவிட்டோம், உள்ளே காற்று போனால்தானே சேற்றிலிருக்கும் பாக்டீரியாவுக்குப் பசிக்கும். நாளாக ஆக, சேற்றுப் பாட்டிலில் மினுமினுப்பு மங்கி எண்ணெய் வெளுத்துத் திட்டுத்திட்டாக உடைந்தது. நாற்றம் வேறு! மற்றதில் அப்படியே தகடாக நிற்கிறது. அல்கானிவோராக்ஸ் என்றொரு பாக்டீரியா, சுத்தமான கடலில் கொஞ்சமாக இருக்கும், எண்ணெய் கொட்டினால் பெருகிவிடும் என்றேன். பெயரைச் சொல்லிச் சொல்லியே கூத்தடித்தார்கள்.

அப்புறம்தான் ஒரு பொடியன் கேட்டான், "அலோர் பா க்ராவ், மிஸ்யே?" எண்ணெய் கொட்டினாலும் பாதகமில்லையாம்! எனக்குத் திக்கென்றது. நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் அதுதானே?

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய பிறகு, கரையெல்லாம் உரம் தெளித்து அங்கிருந்த பாக்டீரியாக்களை ஊக்கிவிட்டார்கள். வேலையும் நடந்தது. ஆனால் கற்களுக்கடியில் காற்று எட்டாத இடத்தில் பல வருஷம் கழித்தும் எண்ணெய் கிடந்தது. லேசான பகுதியைத்தான் அதுகள் முதலில் தின்னும், தார் மாதிரியானதை லேசில் சீண்டாது. நம் அலையாத்திக் காட்டில் கையை நாலு விரற்கடை விட்டாலே கறுப்புச் சேறு, அழுகின முட்டை வாடை, அங்கே ஏது காற்று? இதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் மூன்றாவது பாட்டில்: சேற்றுக்கு அடியில் எண்ணெயைப் புதைத்து, ஆட்டாமல் வைக்கப் போகிறேன். அந்தப் பொடியன்தான் காவல்.

அங்கே ரெயூனியன் தீவில் யாராவது பழைய மைக்ரோஸ்கோப்பைக் கழித்துப்போடுகிறார்களா பார். காவடிக்கு வரும்போது கொண்டு வா. சுங்கத்தில் கேட்டால் போன தடவை மாதிரி பூஜை சாமான் என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே.

உன்
நெட்டையன்