திரும்பி நின்றுகொள், போதும்

கண்ணா,

நேற்று ராத்திரி போனில் நீ சலித்துக்கொண்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "பேசத்தானேம்மா மனநல மருத்துவரிடம் போனேன்? எடை பார்க்கிறார், படுக்கவைத்து பிரஷர் பார்க்கிறார், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்க்கிறார், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை வேற. நான் சொல்வதை நம்பவில்லையா?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம்பாமல் இல்லை. சாப்பாட்டுப் பிரச்சினை மனசில் இருந்தாலும் அடி வாங்குவது உடம்பு. போதுமான சாப்பாடு போகாவிட்டால் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். நாடி மெதுவாகும், கைகால் சில்லிடும். இதயமும் ஒரு தசைதானே, அதுவும் மெலியும். எழுந்து நின்றதும் பிரஷர் சட்டென்று இறங்கினால் மயங்கி விழ வாய்ப்புண்டு. இரண்டு தடவை பார்ப்பது அதற்காகத்தான். குந்தி உட்கார்ந்து கை ஊன்றாமல் எழச் சொன்னது தசையில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

போன தடவை நீ வந்திருந்தபோது அப்பாவின் பழைய கடிகாரத்தைக் கட்டியிருந்தாய். வாரில் கடைசித் துளைக்கும் அப்பால், ஆணியால் குத்தியதுபோல, நீயே ஒரு துளை போட்டிருந்தாய். பார்த்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

வாந்தி எடுப்பதை நீ முதலில் சொன்னது அந்த மருத்துவரிடம்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை, சொன்னாயே, அது போதும். வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது உப்பு குறையும். ரொம்பக் குறைந்தால் இதயத்தின் தாளமே தப்பிவிடலாம், சில நேரம் முன்கூட்டி எதுவும் தெரியாமலே. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் ஆபத்து என்றில்லை. ரத்த ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

எடை எண் உன்னை நாள் முழுக்க வதைக்கிறது என்றால் மருத்துவரிடமே சொல். முதுகைத் திருப்பி நிற்கலாம், எண்ணை அவர் மட்டும் குறித்துக்கொள்வார். ஆனால் எடையைக் கூட்டிக் காட்ட மடமடவென்று தண்ணீர் குடித்துவிட்டு மட்டும் போகாதே. ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கி வலிப்புகூட வரலாம்.

இன்னொன்று. என்னைச் சந்தோஷப்படுத்த ஒரே நாளில் நிறையச் சாப்பிட முயலாதே. பல நாள் குறைவாகச் சாப்பிட்ட உடம்புக்குத் திடீரென்று அதிகம் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்துவிடலாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் சொல்லும் அளவில், சொல்லும் வேகத்தில் போ. உன்னைப் பார்த்தால் தட்டு நிறைய வைக்கத்தான் என் கை துடிக்கும். வைக்க மாட்டேன்.

தலை சுற்றினாலோ, நெஞ்சு படபடத்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காதே, உடனே அவசரப் பிரிவுக்குப் போ. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

அடுத்த தடவை நானும் வரட்டுமா? உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா