விலைதான் கேட்டேன், என் நம்பரை ஏன் விற்றீர்கள்?

அல்சூர், பெங்களூரு
15 ஜூலை 2025

கார் விலை காட்டும் உங்கள் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

பொருள்: ஒரு காரின் ஆன்ரோடு விலை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை) கேட்டதற்காக என் போன் நம்பரை டீலர்களுக்குக் கொடுத்தது, வேறு மாநிலத்து விலையைக் காட்டி அலையவிட்டது, நம்பரை நீக்க மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் மொழி மாற்றும் இடத்தில் தமிழும் இருக்கிறது. அதை நம்பித்தான் தமிழில் எழுதுகிறேன். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரே பதில்தான் வந்தது. மூன்றாவது பதில் வந்த நேரம் இரவு 2.14. மனிதர் யாரும் படிக்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இதையாவது ஒருவர் உட்கார்ந்து படிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு ஆன்ரோடு விலை காட்டும் அந்தப் பச்சை பட்டனை அமுக்கினேன். எந்தப் பட்டன் என்று உங்களுக்கே தெரியும். பெயர், ஊர், நம்பர், ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டுதானே விலையைக் காட்டுகிறீர்கள்? ‘எப்போது வாங்குகிறீர்கள்’ என்ற கேள்விக்கு ‘ஒரு வாரத்துக்குள்’ என்பது முன்கூட்டியே டிக் ஆகியிருந்தது. அதை மாற்றாமல் விட்டது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஓடிபி போட்டு போனைக் கீழே வைக்கவில்லை, மணி அடித்துவிட்டது. அன்று இரவு மூன்று பேர். மறுநாள் காலை காபி குடித்து முடிப்பதற்குள் இன்னும் ஐந்து பேர். அப்புறம் என் மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தாள். 86 வரை எண்ணினாள், அதற்குப் பிறகு அவளுக்கே அலுத்துவிட்டது.

விளம்பர அழைப்பே வேண்டாம் என்பவர்களுக்கான டிஎன்டி பட்டியலில் என் நம்பர் பல வருடமாகப் பதிவாகியிருக்கிறது. தொல்லை அழைப்புகளுக்கான புகார் எண் 1909-ல் புகார் கொடுத்தேன். ‘நீங்களே சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று பதில். விளம்பர அழைப்புக்கு என்று 140-ல் தொடங்கும் எண்கள் இருக்கும்போது, எனக்கு வந்ததெல்லாம் சாதாரணப் பத்து இலக்க மொபைல் நம்பர்கள். ஒன்றை பிளாக் செய்தால் அதே பையன் வேறு நம்பரில் வருகிறான்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஜூலை 2-ஆம் தேதி மதியம் பேசிய அந்த நபரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்திரண்டு நிமிடம் இசை கேட்டுக் காத்திருந்து, ‘தயவுசெய்து என் நம்பரை எடுத்துவிடுங்கள்’ என்றுதான் கேட்டேன். அவர் சொன்னது: “நம்பரை நீங்கதானே சார் போட்டீங்க? யாரும் உங்க கையைப் பிடிச்சு டைப் பண்ணச் சொல்லலையே.” பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மேனேஜரிடம் கொடுங்கள் என்றேன். “நான்தான் மேனேஜர், சொல்லுங்க” என்றார். எனக்கு வயது 52. இருபத்தேழு வருடமாக இதே ஊரில் வேலை பார்க்கிறேன், என்னிடம் இப்படி ஒருவர் பேசியதில்லை. அந்த உரையாடலை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். போட்டுக் கேளுங்கள்.

நம்பரை நீக்க ஆதார் நகல் வேண்டுமாம்! நம்பரைக் கொடுக்க ஒரு பட்டன் போதும், திரும்ப வாங்க ஆதார். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் வக்கீலிடம் கேட்டுப்பாருங்கள்.

ஓசூர் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஊர் என்று போட்டது பெங்களூரு, மொழி என்று தேர்ந்தெடுத்தது தமிழ். உங்கள் கம்ப்யூட்டர் என்ன புரிந்துகொண்டதோ, என்னை ஓசூர் டீலரிடமும் தள்ளிவிட்டது. அங்கிருந்து பேசியவர் நல்ல தமிழில், “நீங்க கேட்ட வெள்ளை கலர், ஆட்டோமேட்டிக், ஸ்டாக்கே இருக்கு சார். தளத்துல பார்த்த அதே விலைதான்” என்றார். 9,48,000 ரூபாய். பெங்களூரில் கேட்டதைவிடக் குறைவு. ஜூலை 5, சனிக்கிழமை லீவு போட்டு, வாடகைக் கார் பிடித்து, மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டவே முக்கால் மணி நேரம். அந்த வழியில் வரும் மஞ்சள் லைன் மெட்ரோவும் அப்போது ஓட ஆரம்பித்திருக்கவில்லை. மேம்பாலத்தில் ஒரு டோல், அத்திப்பள்ளியில் ஒரு டோல்.

ஷோரூமில் வெள்ளை கலர் இல்லை. ஆட்டோமேட்டிக்கும் இல்லை. ஒரு பழுப்பு நிற டெமோ வண்டி நின்றது. சீட்டில் பிளாஸ்டிக் உறை, அதில் யாரோ சிந்திய டீ காய்ந்து கிடந்தது. சரி, விலையையாவது முடிப்போம் என்று உட்கார்ந்தால், ஆதாரைப் பார்த்துவிட்டு, “பெங்களூரு அட்ரஸா சார்? அப்ப இந்த விலை வராதே” என்கிறார். உங்கள் தளம் எனக்குக் காட்டியது தமிழ்நாட்டு வரி போட்ட விலையாம்! எட்டு லட்சத்துப் பத்தாயிரம் ஷோரூம் விலையுள்ள வண்டிக்கு அங்கே 13 சதவீதம் வரி. கர்நாடகத்தில் 14 சதவீதம், அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. மொத்தத்தில் இருபதாயிரம் இடிக்கிறது. கார் விற்பவர்களுக்கு வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் காட்டினீர்கள். போக வர எண்பது கிலோமீட்டர், வாடகை 2,800 ரூபாய். அம்மா வழி முழுக்க வாயே திறக்கவில்லை.

ஒரு நல்லது நடந்தது. அந்த ஷோரூம் பையன் வாசல் வரை வந்து, டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் கதையைச் சொன்னான். “எங்க மேலயும் தப்பு இருக்கு சார். ஆனா உங்க நம்பருக்கு எங்க முதலாளி காசு கொடுத்திருக்காரு. அதே நம்பர மூணு நாலு பேருக்கு வித்திருப்பாங்க. முதல்ல கூப்பிடறவனுக்குத்தான் கஸ்டமர். இப்ப கன்னட, தெலுங்குக்காரங்களுக்கு ஆஷாட மாசம், சேல்ஸ் டல்லு, ஒரு லீடையும், அதாவது விலை கேட்டவங்க ஒருத்தர் நம்பரையும், விட முடியாது. நீங்க வேற இடத்துல வாங்கினாலும், ஏன் போச்சுன்னு நாங்க காரணம் எழுதற வரைக்கும் சிஸ்டம் எங்கள விடாது.” ஒரு வாரத்துக்குள் என்று டிக் ஆகியிருந்தால் அது சூடான லீடாம். டிக் போட்டுவைத்தது நீங்கள், சுட்டது எனக்கு.

டீலர்கள் போட்டி போடுவது பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. போட்டி போட்டால் எனக்குத்தான் லாபம். ஆனால் இவர்கள் எதில் போட்டி போட்டார்கள்? ஷோரூம் விலை எல்லாருக்கும் கம்பெனி வைத்ததுதான். மிச்சம் இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், ஹேண்ட்லிங் சார்ஜ், எக்ஸ்டெண்டட் வாரண்டி. அதே வண்டிக்கு ஒருவர் இன்சூரன்ஸ் 38,000 என்கிறார், இன்னொருவர் 31,000. வெளியே நானே விசாரித்தபோது 27,000. ‘இன்சூரன்ஸ் எங்களிடம் எடுத்தால்தான் டிஸ்கவுண்ட்’ என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று பதினோரு பேரிடம் கேட்டேன். “எழுதித் தர முடியாது சார், நேர்ல வாங்க, மேனேஜர் பார்த்துப் பண்ணித்தருவார்.” பதினோரு பேரும் இதேதான். அதில் இருவர், ‘மத்தவர் எவ்வளவு சொன்னார், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க’ என்று என்னையே வேவு பார்க்கச் சொன்னார்கள். அம்மா கேட்டாள்: “பத்து இடத்துலேர்ந்து பொண்ணு பார்க்க வந்துட்டு ஒருத்தனும் தட்டு மாத்தலேன்னா, அதுக்குப் பேர் என்னடா?”

எழுத மறந்தது ஒன்று. ஜூலை 8 அன்று தொல்லை தாங்காமல் போனை சைலன்ட்டில் போட்டிருந்தேன். அன்றுதான் பள்ளி வேன் வழியில் நின்றுபோய் டிரைவர் நான்கு முறை அழைத்திருக்கிறார். என் மகள் அரை மணி நேரம் தெருவோரம் நின்றாள். இதற்கும் நானேதான் நம்பரைப் போட்டேன் என்று அந்த மேனேஜர் சொல்வாரா?

வாடகை, டோல், லீவு, நான் இழந்த தூக்கம், கூடிப்போன பிரஷர் மாத்திரை எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. ஆடி பிறப்பதற்குள் வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நாளை மறுநாள் ஆடி. இனி ஆவணிதான். இதற்கு எவ்வளவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சண்டைக்காரன் இல்லை. என் நம்பரை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல், எல்லாரிடமிருந்தும் அதை நீக்கியதாக எழுத்தில் ஒரு உறுதி, ஓசூர் போய் வந்த செலவு, ஜூலை 2-ல் பேசியவரிடமிருந்து ஒரு மன்னிப்பு. இவ்வளவு கிடைத்தால் ஒன்றரை லட்சத்தைப் பற்றிப் பேச மாட்டேன்.

கிடைக்காவிட்டால் சும்மா இருக்கவும் மாட்டேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் கடிதம் ஜூலை 1-ல் அனுப்பியது. நீங்கள் அதை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டீர்கள். ஆகஸ்ட் 1 வரை பொறுத்துப் பார்ப்பேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது, வீட்டிலிருந்தே இ-ஜாக்ரிதி இணையதளத்தில் தாக்கல் செய்யலாம். ஆதாரமாக மகளின் கணக்கு நோட்டையும் சேர்ப்பேன்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தயவுசெய்து போனில் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் கார் வாங்காத வாடிக்கையாளர்