இடுப்பளவு பற்றி மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

பார்பி லுக்ஸ் என்ற சேகரிப்புப் பொம்மை வரிசையில் மெலிந்த உடம்பை வாங்குவதா, கேர்வி என்கிற பெருத்த உடம்பை வாங்குவதா என்று கேட்டிருந்தாய். கேர்வியை வாங்கு. ஆனால் 2016இல் முதன்முதல் வந்த கேர்வி வேண்டாம். 2021 முதல் வந்த, மூட்டு மடங்குகிற லுக்ஸ் கேர்வியாகப் பார்த்து எடு. சேகரிக்கிற ஆட்கள் பொம்மையின் உடம்பளவுக்குப் போய் ஏன் இவ்வளவு சண்டை பிடிக்கிறார்கள் என்றும் கேட்டாய். அதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உனக்கு விளங்கும்.

பார்பி 1959இல் வந்தபோது உயரம் பதினொன்றரை அங்குலம். ஆறில் ஒரு பங்கு அளவு என்று எடுத்தால் 5 அடி 9 அங்குலப் பெண். அதே கணக்கில் மார்பு 36, இடுப்பு 18, பிட்டச்சுற்று 33 என்றுதான் வழமையாகச் சொல்வார்கள். 1996இல் வந்த ஓர் ஆய்வு, இப்படி ஓர் உடம்பு அமைவது லட்சத்தில் ஒருத்திக்குக்கூட இல்லை என்றது. கென்னின் உடம்போ ஐம்பது ஆண்களில் ஒருவருக்கு இருக்கலாமாம். ஆம்பிளைப் பொம்மைக்கு எப்போதும் சலுகைதான்.

பழைய பார்பி சேகரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: பொம்மை சின்னதாகும், துணி சின்னதாகாது. இது சாட்டு இல்லை, உண்மையான தையல் பிரச்சினை. மெல்லிய பருத்தித் துணி கால் மில்லிமீற்றர் தடிப்பு என்று வை. சுருக்கு வைத்த பாவாடை ஒன்றின் இடுப்பில் மேற்சட்டை, அதன் உள்துணி, பட்டி, மடிந்த சுருக்கு எல்லாம் சேர்ந்து எட்டு மடிப்பு வந்துவிடும். அதாவது 2 மில்லிமீற்றர். சுற்றளவில் அது பன்னிரண்டரை மில்லிமீற்றர் கூட்டும். ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய 3 அங்குலம். ஆகவே 18 அங்குல இடுப்பு உடுப்போடு 21 ஆகத் தெரியும்.

ஆனால் கணக்கை அதோடு நிறுத்திவிடுகிறார்கள். சாதாரண இடுப்பு ஒன்றை 27 என்று வைத்தால், துணிக்காக 3 அங்குலம் கழித்து 24இல் நின்றிருக்கலாம். மிச்ச ஆறு அங்குலத்துக்குத் துணி பொறுப்பில்லை. கழுத்தையும் கணுக்காலையும் அவ்வளவு மெல்லியதாகச் செய்ததற்கு எந்தச் சுருக்குத் துணியைக் குற்றம் சொல்வது? அந்த ஆறு அங்குலமும் 1950களின் ரசனை. அதை ரசனை என்றே சொல்லிவிட்டுச் சேகரிக்கலாம், அதில் பிழை ஒன்றும் இல்லை.

மெய்யான உடம்பு 2016இல் திடீரென்று முளைத்ததும் அல்ல. ஐடியல் கொம்பனியின் டாமி 1962இலேயே பள்ளிக்கூடப் பிள்ளையின் உடம்போடு வந்தவள். 1991இல் வந்த ஹப்பி டு பி மீ பொம்மையின் அளவு 36-27-38. 2002இல் பொம்மை வடிவமைப்பாளர் ரொபர்ட் டோனர், எம்மி என்ற பெருத்த உடம்பு மொடலை வைத்து 16 அங்குலப் பொம்மை செய்தார். ஐந்து முதல் எட்டு வயதுச் சிறுமிகளிடம் பார்பியின் படங்களையும் எம்மியின் படங்களையும் காட்டி, அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. பார்பி படம் பார்த்த சின்னப் பிள்ளைகளுக்கே தங்கள் உடம்பில் திருப்தி குறைந்திருந்தது.

2014இல் வந்த லாமிலி பொம்மையைப் பற்றித்தான் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நிக்கொலாய் லாம் என்ற கலைஞர், 19 வயது அமெரிக்கப் பெண்ணின் சராசரி அளவை அரசாங்கப் புள்ளிவிவரத்தில் இருந்து எடுத்துச் செய்தது. பருவும் தோல் வரியும் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர்கூடத் தனியாக விற்றார்கள். பாதம் தட்டை, மணிக்கட்டும் முழங்காலும் மடங்கும். சேகரிப்பவர்கள் உடம்பை மெச்சினார்கள், ஆனால் மேசையில் எடுத்து வைக்க மனம் வரவில்லை. ஃபஷன் பொம்மை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது முகத்தின் வர்ணத்தையும் தலைமயிரையும் உடுப்பையும். அளவுநாடா அதற்குப் பிறகுதான். சராசரி என்பதையே விற்பனைப் பொருளாக்கியதும் கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆகிவிட்டது என்பது என் எண்ணம்.

பார்பியைச் செய்கிற மாட்டெல் கொம்பனி 2016 ஜனவரியில் கேர்வி, டோல் (உயரமானவள்), பெற்றிட் (சின்னவள்) என்று மூன்று புது உடம்பை ஃபஷனிஸ்டாஸ் என்ற விளையாட்டுப் பொம்மை வரிசையில் இறக்கியது. ஏழு தோல் நிறம், 22 கண் நிறம், 24 தலையலங்காரம். இதில் சேகரிப்பவர்களின் முறைப்பாடு உடம்பு பெருத்ததைப் பற்றி அல்ல. முழங்கையும் முழங்காலும் மடங்காது. கதிரையில் வைத்தால் கால் இரண்டும் முன்னுக்கு விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கும். மெலிந்தவளுக்கோ 2015இலேயே 22 மூட்டோடு மேட் டு மூவ் உடம்பு வந்துவிட்டது. "உண்மையான உடம்பு, ஆனால் இருக்க ஏலாது" என்று அவர்கள் கிண்டல் பண்ணியது நியாயம்தான். பிறகு கேர்விக்கும் மூட்டு உடம்பு வந்தது, லுக்ஸ் கேர்வியில் அந்தக் குறை இல்லை. மூட்டின் வெடிப்பு வெளியில் தெரிகிறதே என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முழுக்கைச் சட்டை போதும்.

இரண்டாவது முறைப்பாடு உடுப்பு. கேர்விக்குப் பழைய பார்பியின் இறுக்கமான சட்டை தொடையோடு நின்றுவிடும். தட்டைப் பாதம் உள்ளவளுக்குக் குதிச் சப்பாத்தும் ஏறாது. நீள்கிற துணியில் தைத்ததும் பின்பக்கம் முழுதாகத் திறக்கிற மேற்சட்டையும் சில வேளை தப்பும். ஆகவே இருக்கிற உடுப்புப் பெட்டியை நம்பி கேர்வி வாங்காதே, அவளுக்கென்று தைக்க வேண்டும். 2023இல் வந்த டவுன் சிண்ட்ரோம் பார்பிக்கும் இதே கதை. உடம்பு நீளம், கால் கட்டை. பழைய வெட்டு எதுவும் பொருந்தாது.

முகம் ஒன்றில் பிடித்து உடம்பு இன்னொன்றில் பிடித்தால் தலையை மாற்றலாம். உன் அவசரம் எனக்குத் தெரியும், ஆகவே வடிவாகக் கேள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கிற அளவுக்குச் சற்று மேலான சுடுதண்ணீரில் தலையை ஓரிரு நிமிடம் பிடி. வைனில் இளகியதும் இரண்டு காதுப் பக்கத்தாலும் அமுக்கி, இடம் வலமாக மெல்ல அசைத்து மேலே எடு. குளிரக் குளிர இழுத்தால் கழுத்தின் குமிழ் உடையும், அல்லது தலையின் கழுத்துத் துளை கிழியும். குமிழ் உடைந்தால் பசை பிடிக்காது. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பொருத்திப் பார். தலை மெத்தென்ற வைனில், மூட்டு உடம்பு கடினமான பிளாஸ்ரிக். ஒரே பெயருள்ள நிறம்கூட இரண்டிலும் வேறாகத் தெரியும்.

இனி சாறி. நான் கேர்வியைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஐந்தரை மீற்றர் சாறியை ஆறால் பிரித்தால் 92 சென்ரிமீற்றர், அகலம் 19. அப்படியே உடுத்தினால் இடுப்பில் கொய்யகம் ஒரு பொதியாக நிற்கும். ஆறு கொய்யகம் பிடித்தால் பன்னிரண்டு மடிப்பு. பருத்தியில் அது 3 மில்லிமீற்றர், எங்கள் உடம்பில் 18 மில்லிமீற்றர் கட்டை ஒன்றை வயிற்றில் கட்டியது போல. மெலிந்தவளில் அது துருத்தும். கேர்வியின் வயிறும் தொடையும் அதைத் தாங்கிக்கொள்ளும், தலைப்பும் தொடைமேல் படிந்து விழும்.

ஆனாலும் செருகாதே. 6 மில்லிமீற்றர் ரிபன் ஒன்றை இடுப்புக்கு அளந்து, சாறியின் மேல் ஓரத்தை அதில் ஒற்றைப் படையாகத் தை. ஒவ்வொரு கொய்யகமும் 2 சென்ரிமீற்றர் ஆழம். மேலே எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல், ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளித் தள்ளி வை. செருகல் இல்லாததால் 75 சென்ரிமீற்றர் காணும். துணி ஷிஃபோன் அல்லது பழசாகித் தேய்ந்த மல் துணி. புறக்கோட்டை கெய்சர் வீதியில் துண்டுத் துணியாகவே எடுக்கலாம். பட்டு பார்க்க அழகு, ஆனால் இந்த அளவில் விறைத்துக் குடை மாதிரி நிற்கும். கொய்யகத்தை ஊசியால் குத்தி, தண்ணீர் தெளித்து, ஒரு இரவு காயவிட்டபின் ஊசியை எடு. கரை 5 முதல் 8 மில்லிமீற்றர் இருந்தால் அளவு சரி. வெளிக்கரையின் சரிகையைப் பெரிதாக வைத்துவிட்டுப் பிறகு பொம்மை குள்ளமாகத் தெரிகிறது என்று குறை சொல்வார்கள்.

பிளவுஸுக்கு வெல்க்ரோ வைக்காதே, ஷிஃபோனைப் பிய்க்கும், தலைமயிரையும் பிடிக்கும். நூல் வளையமும் சின்ன மணியும் போதும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றுக்குப் பிரெஸ் பட்டன் துருப்பிடித்து, துருக் கறை துணியில் இறங்கும்.

சாயம்தான் பெரிய எதிரி. அரக்கு, கருநீலம், கறுப்பு இந்த மூன்றும் வைனிலுக்குள் இறங்கிவிடும். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்திப் பார், நிறம் வந்தால் உள்ளுக்கு வெள்ளைப் பாவாடை கட்டு. வினாகிரியில் ஊறவைத்தால் பருத்திச் சாயம் நிற்கும் என்பது வெறும் கதை. கறை பட்டால் பருவுக்குப் பூசுகிற பென்சோயில் பெரொக்சைட் 10 சதவீதக் கிறீமைக் கறையில் மட்டும் தடவி, மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் மூடி, வெயிலில் வை. சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார். கூட விட்டால் அந்த இடம் வெளுத்துவிடும், அதை மீட்க ஏலாது. முகத்தின் வர்ணத்திலும் மயிரிலும் படக்கூடாது.

டிசம்பரில் பொம்மைகளை இங்கே கொண்டுவருவதென்றால் பிவிசி பையில் இறுக்கிக் கட்டாதே. எங்கள் வெக்கைக்கு மெத்தென்ற வைனில் தன் எண்ணெயை வெளியே விடும், கால் பிசுபிசுக்கும். பழைய பார்பியின் தோட்டை முதலிலேயே கழற்று. செம்பு கலந்த ஊசி காதைப் பச்சையாக்கும். அமிலம் இல்லாத தாளில் சுற்றி, பொலிப்புறொப்பிலீன் பெட்டியில் வை. மூடியை முழுதாக அடைக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் உடுப்பைக் கழற்றிவிட்டு, நூலால் மார்பு, இடுப்பு, தொடை மூன்றையும் சுற்றி அளந்து மில்லிமீற்றரில் அனுப்பு. மேற்கையின் சுற்றளவும் வேண்டும், கேர்விக்குக் கை இறுகுவது அங்கேதான். உயரத்தைப் பெட்டியில் பார்த்து எழுதாதே, நிறுத்தி அள. பிளவுஸ் இரண்டு, உள்பாவாடை ஒன்று வெட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா