ஆயில் இல்லாதபோது முழு பிரஷர் காட்டும் கேஜ்: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: டீசல் பிக்கப் உரிமையாளர், காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 52 மி.மீ. மூன்று கேஜ் செட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம் காட்டும் பூஸ்ட், புகையின் சூடு காட்டும் இ.ஜி.டி., ஆயில் பிரஷர்) தவறான சென்சாருடன் அனுப்பப்பட்டது குறித்து.

ஐயா,

வணக்கம். உங்கள் ஹெல்ப்லைனில் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். இனி எழுத்தில்தான் பேச்சு. கேஜ் பற்றித் தெரிந்த ஒருவர் இதைப் படிக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

சாவியைப் போட்டதுமே, இன்ஜின் ஓடாதபோதே, ஆயில் கேஜ் முள் கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய் முட்டி நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் இறங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் இறங்குகிறது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் இதன் காரணம் புரியும். சென்சார் வயரைக் கழற்றி, முனைக்கும் பாடிக்கும் இடையே அளந்தால், பிரஷர் இல்லாதபோது 10 ஓம். அதாவது 10 முதல் 184 ஓம் வரை ஏறும் ஐரோப்பிய வகை சென்சார். நீங்கள் கொடுத்த கேஜோ 240 ஓமில் பூஜ்ஜியமும் 33 ஓமில் முழு அளவும் காட்டும் அமெரிக்க வகை. சென்சாருக்குப் பதில் 220 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் முள் பூஜ்ஜியத்தை ஒட்டிப் படுக்கிறது. சென்சாரும் கேஜும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரே பெட்டியில் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

இதன் விபரீதம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நாளைக்கு ஆயில் பம்ப் போனாலோ, ஆயில் தொட்டியான சம்ப் ஓட்டையாகி ஆயில் வற்றினாலோ, இந்த முள் மேலே ஏறும். ஓட்டுபவன் நிம்மதியாக ஓட்டிக்கொண்டே போவான். பேரிங் பிடித்து கிராங்க் போகும்போதுதான் விஷயம் தெரியும்.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஏஜெண்ட் கேட்ட கேள்வி: “முள் ஆடுதுல்ல, அப்புறம் என்ன? லோடு வண்டிக்கு எதுக்கு இந்த ஆடம்பரமெல்லாம்?”

ஆடம்பரமா? ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வண்டி இது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, அதே மிதிக்குப் புகையின் சூடு கூடுகிறது. டாப் கியரில் இழுத்துப் பிடித்தால் 700 டிகிரியைத் தொட அதிக நேரம் ஆகாது. ஒரு கியர் குறைத்தால் இறங்கிவிடும். எப்போது குறைப்பது என்பதைக் கேஜ்தான் சொல்ல வேண்டும். கம்பெனி டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்ப முடியாது. பல வண்டிகளில் அது நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இதற்காகத்தான் கேஜ் போடுகிறோம், அழகுக்கு அல்ல.

அதே ஆள்தான் சென்சார் மரையில் ஆயில் கசிகிறது என்றதற்கு, “டெஃப்ளான் டேப்பை நல்லா சுத்தி டைட் பண்ணுங்க, உங்க மெக்கானிக்குக்குத் தெரியல” என்றார். ஒற்றை முனை சென்சாருக்கு எர்த்து கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப்பைச் சுற்றினால் எர்த்து விட்டுப்போய் ரீடிங் தாறுமாறாகலாம். கசிவுக்கு உண்மையான காரணம் சென்சாரை இன்ஜினோடு இணைக்கும் உங்கள் அடாப்டர். அது 1/8 பி.எஸ்.பி.டி. என்ற பிரிட்டிஷ் மரை அளவு, அங்குலத்துக்கு 28 மரை. சென்சார் 1/8 என்.பி.டி. என்ற அமெரிக்க அளவு, 27 மரை. சில சுற்று ஒழுங்காக ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். பலம் போட்டு முறுக்கினால் மரை சிதையும், இல்லையென்றால் அடாப்டர் வெடிக்கும். கேஜ் விற்கும் கம்பெனியின் ஆளுக்கே இது தெரியாதென்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மன்னிக்கவும், கோபத்தில் வரிசை மாறிவிட்டது. இ.ஜி.டி. விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தாளில் ப்ரோபை (சூட்டை அளக்கும் முனையை) டர்போவுக்குப் பிறகு, சைலன்சர் பைப்பில் மாட்டச் சொல்லியிருக்கிறது. ஆனால் டயலில் சிவப்புக் கோடு 700 டிகிரியில். லோடில் ஏறும்போது டர்போவுக்கு முன்னும் பின்னும் 100 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். முள் 620 காட்டும்போதே டர்போவுக்கு முன்னால் உள்ள மானிஃபோல்டில் 700 தாண்டியிருக்கலாம். பின்னால் மாட்டச் சொன்னால் கோட்டைக் கீழே இறக்கிப் போடுங்கள். இல்லையென்றால் மானிஃபோல்டில் துளை போடச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதானால், துருவல் டர்போவுக்குள் போகாமல் இருக்க டர்போவைக் கழற்றிவிட்டுத் துளைக்க வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள்.

நீட்டிப்பு வயர் என்று தனியாகக் காசு வாங்கி விற்றது சாதாரணச் செம்பு வயர். ப்ரோபில் இருப்பது கே டைப் தெர்மோகப்பிள், இரண்டு உலோகக் கம்பிகளின் இணைப்பால் சூட்டை அளப்பது. அதற்குக் கே டைப் வயர்தான் கடைசி வரை போக வேண்டும். செம்பைச் சேர்த்தால், இணைப்பு இருக்கும் இடம் கேஜைவிட எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவு குறைத்துக் காட்டும். இன்ஜின் அறைக்குள் அது 40, 50 டிகிரி தாராளமாக வரும். பூஸ்ட் கேஜ் டயலில் பாதி வேக்குவம், அதாவது உறிஞ்சும் அளவு. டீசல் இன்ஜினுக்கு அது எதற்கு? பெட்ரோல் காருக்கானதை எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

வண்டியோடு திருச்சி சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னீர்கள். லோடை விட்டுவிட்டுப் போனேன். அது சீட் கவரும் ஆடியோவும் போடும் கடை. மல்டிமீட்டர்கூட இல்லை. போனட்டைத் திறக்காமலே “கம்பெனிக்கு மெயில் போடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். டீசல் போச்சு, வாடிக்கை போச்சு, இந்த சீசனே போச்சு. என் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டீர்கள்.

தயவுசெய்து கீழ்க்கண்டவற்றை அனுப்பி வையுங்கள்: 240–33 ஓம் ஆயில் சென்சார், அதற்குப் பொருந்தும் 1/8 என்.பி.டி. அடாப்டர், 3 மீட்டர் கே டைப் வயர், 0 முதல் 2 பார் வரை காட்டும் பூஸ்ட் கேஜ். முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். எனக்குச் சண்டை போட ஆசை இல்லை. அந்த ஏஜெண்ட் மட்டும் இனி யாரிடமும் டெஃப்ளான் டேப் சுற்றச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

15 நாளில் பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும். முள் எதிர்ப்பக்கம் ஓடும் வீடியோவும், மல்டிமீட்டர் ரீடிங் படமும், பில்லும் கைவசம் இருக்கின்றன.

கழற்றிய செட் அதே பெட்டியில் இருக்கிறது. கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளர், காரைக்குடி