79 வயதுக்காரரைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. நுரையீரல் புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சரியான இடத்தில் போய் நின்றிருக்கிறாய். உன் நோயாளிக்கு 79 வயது, நிலை 4 (புற்று உடம்பில் பரவிவிட்டது), குறிவைத்துத் தாக்க மருந்து கிடைக்கிற மரபணு மாற்றம் எதுவும் கட்டியில் இல்லை. டாக்டர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் டியூமர் போர்டில் ஒருவர் "இந்த வயசுக்கு மேல கீமோவா?" என்றார், இன்னொருவர் "ஆள் தெம்பாத்தான் இருக்கார், ஈகாக் 1, முழு டோஸ் போடலாம்" என்றார், இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். (ஈகாக் என்பது 0 என்றால் முழுத் தெம்பு, 4 என்றால் படுத்த படுக்கை என்று நாம் போடும் எண்.) எனக்கு இரண்டு பேர் சொன்னதிலும் உடன்பாடில்லை. முதியவர்களோடே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வயதை வைத்து மறுப்பது சரியில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2011இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள, 70 முதல் 89 வயது வரையிலான 451 பேரைச் சேர்த்தார்கள். முதியவர் என்றால் ஒற்றை மருந்து போதும் என்றிருந்த காலம் அது. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு கீமோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த குழுவில் பாதிப் பேர் 10.3 மாதத்தைத் தாண்டி இருந்தார்கள். ஒற்றை மருந்துக் குழுவில் 6.2 மாதம்தான். ஆனால் மருந்தின் பாதிப்பாலேயே இறந்தவர்களும் இரட்டை மருந்துக் குழுவில்தான் அதிகம். யாருக்கு அந்தக் கூடுதல் மாதங்கள், யாருக்கு அந்தப் பாதிப்பு என்பதைப் பிறந்த வருஷத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஈகாக் எண்ணும் அந்த வேலைக்குப் போதாது. இளம் நோயாளிக்கு அது ஓரளவு பொருந்தும். முதியவர் குளித்து, நல்ல சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று சொன்னால் நம் கை தானாக 1 என்று எழுதிவிடும். அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது யார் என்று கேள். மகள்தான் என்றால் அந்த 1 வேறு எண் ஆகிவிடுகிறது. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது ஒரு பக்கம். மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்வது, பணத்தைத் தானே கவனிப்பது, தனியாக வெளியே போய்வருவது இன்னொரு பக்கம். பின்னதுதான் முதலில் கைவிட்டுப் போகும், யாரும் கேட்காமல் அதைச் சொல்லமாட்டார்கள்.

அவரை எழுந்து நடக்கச் சொல். சாதாரண நாற்காலி, 3 மீட்டர் தூரம், திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனி என்று புத்தகத்தில் இருக்கும். நான் விநாடியை விட மற்றதைத்தான் பார்ப்பேன். எழும்போது கையை ஊன்றுகிறாரா, ஒரே மூச்சில் எழுகிறாரா, இரண்டு தடவை முயல்கிறாரா? திரும்புகிற இடத்தில் சின்னச் சின்ன அடியாக வைத்துச் சுவரைத் தேடுகிறாரா? அப்படியென்றால் கடந்த ஆறு மாதத்துக்குள் எங்காவது விழுந்திருக்கலாம், விசாரித்துப் பார். பாக்லிடாக்சல் பாத நரம்பை மரத்துப்போக வைக்கும் மருந்து. ஏற்கெனவே தடுமாறுகிறவருக்கு அதைக் கொடுத்தால் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

மூச்சுத் திணறலை எல்லோரும் கட்டியின் கணக்கில் எழுதிவிடுவார்கள். புகைபிடித்தவர் என்றால், நுரையீரலைக் கெடுத்த அதே புகை இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் சும்மா விட்டிருக்காது. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பா, இதயம் தளர்ந்ததா, ரத்தசோகையா, கட்டியேதானா என்று பிரித்துப் பார்த்தால் பாதித் திணறலைக் கீமோவுக்கு முன்பே குறைத்துவிடலாம். பலருக்கு இன்ஹேலரை எப்படி இழுப்பது என்றே தெரியாது. உன் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்.

சிறுநீரகத்தில் ஏமாந்துவிடாதே. சிறுநீரகத்தை அளக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, தசை வற்றிய உடம்பில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். அதனால் ரிப்போர்ட்டில் அளவு இயல்பாகத் தெரியும், சிறுநீரகம் பாதிதான் வேலை செய்துகொண்டிருக்கும். வயது, எடையையும் சேர்த்து வடிகட்டும் அளவைக் கணக்கிட்ட பிறகே டோஸைப் பேசு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தின் பேச்சு வந்தால் காதையும் பார்க்க வேண்டும், அது செவியைத் தின்னும்.

காது என்றதும் ஞாபகம் வருகிறது: மூன்று சொல்லைச் சொல்லி, கடிகாரம் வரையச் சொல்லி, அந்த மூன்று சொல்லைத் திரும்பக் கேட்கிற சோதனை உனக்குத் தெரியும். அதற்கு முன் அவருக்குக் காது கேட்கிறதா என்று உறுதி செய்துகொள். காது கேட்காதவரை மறதிக்காரர் ஆக்கிவிடுகிறோம். மறதிக்காரரோ "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று தலையாட்டித் தப்பித்துவிடுகிறார். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோமே, அது நினைவில் நிற்காதவர், கீமோவால் வெள்ளணு குறைந்து தொற்று எளிதில் பற்றுகிற நாளில் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பார்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல். பையை மேஜையில் கொட்டி, "இதில் ராத்திரி மாத்திரை எது, எடுத்துக் காட்டுங்கள்" என்று கேள். நினைவு, கண்பார்வை, விரல் நடுக்கம் மூன்றும் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். இவருக்கு இது பொருந்தாது, ஆனாலும் வைத்துக்கொள்: மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளான எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப் சாப்பிடுகிறவர் கூடவே அசிடிட்டி மாத்திரையும் போட்டால் அந்தப் புற்று மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

எடை, பசி, மனச்சோர்வு, கூட யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் நீயே கேட்டுவிடுவாய். எல்லோருக்கும் இதையெல்லாம் சேர்த்து முழு மதிப்பீடு செய்ய நேரமில்லை என்று சொன்னால், யாருக்கு அது தேவை என்று சலித்தெடுக்கும் ஜி8 கேள்வித்தாளோடு ஆரம்பி. எட்டே கேள்வி, மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் மட்டும் முழுதாகப் பார்.

"இதனால் ஆயுள் கூடுமா?" என்று போர்டில் கேட்பார்கள். உள்ளதைச் சொல். 2016இல் ஈசோஜியா என்ற ஆய்வு வந்தது. நிலை 4 நுரையீரல் புற்றுநோய் உள்ள, 70 வயதோ அதற்கு மேலோ ஆன 494 பேர். முழு மதிப்பீட்டை வைத்துச் சிகிச்சையைத் தேர்ந்த குழுவில், வழக்கம்போல் வயதையும் ஈகாக்கையும் வைத்துத் தேர்ந்த குழுவை விட ஆயுள் கூடவில்லை. ஆனால் அந்தக் குழுவில் இரட்டை மருந்து கிடைத்தவர்கள் 46 சதவீதம், வழக்கமான குழுவில் 35 சதவீதம்தான். அதே நேரம் மதிப்பீட்டுக் குழுவில் 23 சதவீதம் பேருக்குக் கீமோவே கொடுக்கவில்லை, ஆதரவுச் சிகிச்சை மட்டும்தான். அப்படியும் ஆயுள் குறையவில்லை, மருந்தின் தொல்லை குறைந்தது. கயல், இருக்கிற மாதங்களை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழிக்காமல் இருப்பது ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம்! 2021இல் பல வகைப் புற்றுநோய்களைச் சேர்த்து 718 முதியவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், மதிப்பீட்டின் முடிவையும் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதையும் டாக்டர்கள் கையில் கொடுத்தபோது கடுமையான பக்கவிளைவு 71 சதவீதத்திலிருந்து 51ஆக இறங்கியது.

என்ன செய்யலாம் என்பதுதான் அங்கே முக்கியம். ஸ்கோரை எழுதி ஃபைலில் கட்டிவைத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. தடுமாறுகிறவருக்குப் பிசியோதெரபி, எடை இறங்கியவருக்கு உணவு ஆலோசனை, தேவையில்லாத மாத்திரைகளை நிறுத்துவது, கீமோவின் முதல் சுழற்சியை (முதல் தவணையை) குறைந்த டோஸில் கொடுத்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வேலை இருக்க வேண்டும். இரண்டு சுழற்சி முடிந்ததும் மறுபடியும் நடக்கவைத்துப் பார். கீமோ இல்லாமல், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற இம்யூனோதெரபி என்று முடிவானாலும் இதையெல்லாம் விட்டுவிடாதே.

அப்புறம், அவரிடம் தனியாகப் பேசு. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்காகப் பேசுவார். நீண்ட நாள் இருக்க வேண்டுமா, கொஞ்ச நாளானாலும் தன் காலில் நடமாட வேண்டுமா, எது பெரிது என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதி, அடுத்த போர்டில் வாசித்துக் காட்டு.

நடக்கவைக்கும்போது பக்கத்திலேயே நில், விழப் போனால் பிடிக்க வேண்டும். ஜி8 எவ்வளவு வந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா