மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர்ப் பிழையைத் திருத்தித் தரக் கோரும் மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கைக்காகத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறேன். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இலும் பதிவு செய்தேன். சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததோடு சரி. பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய நகராட்சிக் கட்டடத்தையும், மாடியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் வாசலில் நிற்கும் கூட்டத்தையும் தாங்கள் அறிவீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. என் கணவர் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு பெற்று வேலை பார்க்கிறார். என்னையும் மகளையும் அழைத்துக்கொள்ள அவர் அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் அளித்த ஐ-130 என்ற குடும்ப மனு ஏற்கப்பட்டுவிட்டது. இனி ஆவணங்கள்தான் பாக்கி.

2. என் பெயரில் வரும் ழகரம் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், திருமணப் பதிவு எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளாக இருக்கிறது. மகளின் பிறப்புச் சான்றிதழில் மட்டும் எல். மருத்துவமனை அனுப்பிய படிவத்தில் சரியாகவே எழுதியிருக்கிறார்கள், நகல் இணைத்துள்ளேன். சான்றிதழைப் பார்த்து எடுத்த மகளின் பாஸ்போர்ட்டிலும் பெற்றோர் பெயர் உள்ள கடைசிப் பக்கத்தில் அதே பிழை ஏறிவிட்டது. சான்றிதழைத் திருத்தினால்தான் பாஸ்போர்ட்டைத் திருத்த முடியும்.

3. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, பிரிவு 15-இன்படி பிழையான பதிவைப் பதிவாளரே திருத்தலாம். பழைய பதிவை அழிக்க வேண்டியதில்லை, ஓரத்தில் குறித்துக் கையெழுத்தும் தேதியும் இட்டால் போதும். ஆனால் அலுவலகத்தில் கெஜட்டில் பெயர் மாற்றம் போட்டு வரச் சொல்கிறார்கள். என் பெயர் மாறவே இல்லையே ஐயா! மாறாத பெயரை மாறியதாக அரசிதழில் போட்டால், சரியாக இருக்கும் மற்ற ஆவணங்களுக்கும் அல்லவா விளக்கம் சொல்ல வேண்டிவரும்? இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழி எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் சான்றிதழையே திருத்துவதுதான் பத்திரம் என்கிறார் வழக்கறிஞர்.

4. என் மகள் நடை பழகும்போது அவள் அப்பா கிளம்பிப் போனார். இப்போது பள்ளிக்குப் போகிறாள். அவளுக்கு அப்பா என்றால் போனில் தெரியும் முகம்தான். அங்கே அவர் வேலை முடித்து வரும் நேரம் இங்கே இவள் பள்ளிக்கு ஓடும் நேரம். பல் துலக்கிக்கொண்டே பேசுவாள், ஆட்டோ வந்ததும் பாதியில் வைத்துவிடுவாள். முதல் பல் விழுந்தபோது அதைக் கேமராவுக்கு அருகே பிடித்து, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நெட் சரியில்லாததால் அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த இரவு அப்பாவைக் கூப்பிடச் சொல்லி அழுதாள். பள்ளி விழாவில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்களைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம அப்பாவுக்கு எப்போ லீவு?" என்கிறாள். ஒரு எழுத்தால்தான் தாமதம் என்று இந்தக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது ஐயா? எழுத்து மாறினால் அம்மா மாறிவிடுவாளா? அவளைப் பெற்றவள் நான்தானே! ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் வாங்க" என்பவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா?

5. எங்கள் விசா ஆவணங்களைப் பெறும் அமெரிக்கத் தேசிய விசா மையத்துடன் ஓராண்டு தொடர்பில்லாமல் விட்டால், அவர்கள் எங்கள் விசா விண்ணப்பத்தையே ரத்து செய்துவிடக்கூடும். கெடு நெருங்குகிறது.

பணமோ சலுகையோ கேட்கவில்லை. சட்டத்தில் இருக்கும் திருத்தத்தைத்தான் கேட்கிறேன். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும், மேல்முறையீடாவது செய்கிறேன். வாய்மொழியாகவே திருப்பி அனுப்பினால் நான் எங்கே போவேன்?

தயவுசெய்து பதிவாளருக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவிட்டு, என் பெயரைத் திருத்திய சான்றிதழை விரைவில் கிடைக்கச் செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனுவையும் அதே பிரிவுக்கு அனுப்பிவிட்டு முடித்துவிடாதீர்கள் ஐயா. தாங்களே ஒரு முறை கோப்பை வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்