புது டிரெய்லருக்கு டயர் வாங்குமுன்

பரமத்தி வேலூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் தையில் காது குத்து என்று எழுதியிருந்தாய், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம். இங்கே ராஜா வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, கொடிக்கால் தழைத்து நிற்கிறது. கரும்புக்கு வெட்டு உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி.

நாலு சக்கர டிரெய்லருக்குப் பட்டறையில் முன்பணம் கொடுத்தது சந்தோஷம். ஆனால் லாரியில் கழற்றிய பழைய டயரையே மாட்டிவிடலாம், பட்டன் (தரையில் படும் ரப்பர் வரி) பாதிக்கு மேல் இருக்கிறது என்று தரகர் சொல்வதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை மாப்பிள்ளை, வெந்து சாகிறது. டிராக்டரின் பின் டயர் மண்ணைப் பிடித்து இழுக்கிறது, அதனால் தேய்கிறது. டிரெய்லர் டயருக்குச் சுமப்பது ஒன்றுதான் வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் பக்கச்சுவர் பாரத்தில் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் பிறக்கும் சூடு உள்ளேயே தங்கி, ரப்பருக்கும் நைலான் அடுக்குக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. பட்டன் நன்றாக இருக்கும்போதே டயர் வெடிப்பதற்கு அதுதான் காரணம். பாரம் கூடினாலும் காற்று குறைந்தாலும் வேகம் கூடினாலும் அந்தச் சூடு ஏறும். ஆகையால் பட்டனைக் கடைசியாகப் பார். முதலில் எடைக் கணக்கு.

காலி டிரெய்லர் 2 டன், கரும்பு 7 டன் என்று வைத்துக்கொள். (ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையைத் தாண்டாதே, அது தனி விஷயம்.) மொத்தம் 9 டன்னை நாலால் வகுத்தால் டயருக்கு 2,250 கிலோ. இந்த இடத்தில்தான் எல்லோரும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பாரம் நாலு சக்கரத்துக்கும் சமமாக உட்காருவதே இல்லை. கரும்பு பின்பக்கம் தள்ளி அடுக்கியிருந்தால் பின் அச்சில் 5 டன், அதாவது டயருக்கு 2,500. ரோடு இடப்பக்கம் சரிந்திருப்பதால் இடது பின் சக்கரத்தில் 2,700கூட வரும். அந்த ஒரு டயர் அதைத் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் முதல் பாரத்தை எடைமேடையில் அச்சு அச்சாக ஏற்றி எடை போட்டுப் பார்த்துவிடு.

டயரின் பக்கச்சுவரில் பாரக் குறியீட்டு எண் இருக்கும். 140 என்றால் 2,500 கிலோ, 144 என்றால் 2,800, 146 என்றால் 3,000. '146/143' என்று இரண்டு எண் இருந்தால், முன்னது ஒற்றை டயராக ஓடும்போது, பின்னது லாரியின் பின் அச்சுபோல ஜோடியாக ஓடும்போது. 10.00-20 அளவில் 16 பி.ஆர். நைலான் டயருக்கு வழக்கமாக 146/143 போட்டிருக்கும், உன் கணக்குக்கு அது சரியாக வரும். 140 உள்ள டயர் சராசரிக்குப் போதும்போலத் தெரியும், ஆனால் அந்த இடது பின் சக்கரத்தில் தோற்றுவிடும். பி.ஆர். (பிளை ரேட்டிங்) என்பது உள்ளே இருக்கும் அடுக்கின் எண்ணிக்கை இல்லை, வலிமையின் தரக்குறி மட்டுமே. அதை வைத்து மட்டும் வாங்காதே.

பாரக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே வேகத்துக்கான எழுத்து இருக்கும். ஏ8 என்று இருந்தால் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அந்தப் பாரம் செல்லாது. விவசாயக் கருவிகளுக்கென்று வரும் டயரில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். தோட்டத்துக்கும் களத்துக்கும் ஓட்ட அது போதும், பைபாஸில் பாரத்தோடு விரட்டினால் தாங்காது. லாரி டயரில் வழக்கமாகக் 'கே' என்ற எழுத்து இருக்கும், 110 வரை. அந்த வகையில் லாரி டயர் நல்லதுதான். என் சந்தேகமெல்லாம் பழசு என்பதில்தான்.

பழசு என்றால் தேதியைப் பார். டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் தயாரித்த வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-இல் 23-வது வாரம். ஆறு வருடம் கடந்த டயரைப் பட்டன் முழுசாக இருந்தாலும் பாரத்துக்கு வாங்கமாட்டேன். அப்புறம் டயரின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார். பக்கச்சுவரின் உள்ளே சுற்றிலும் வளையமாக நிறம் மாறியோ, சுருக்கம் விழுந்தோ, ரப்பர் பொடி உதிர்ந்தோ இருந்தால் அது காற்றில்லாமல் ஓடிய டயர். எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரீபட்டன் போட்டதும் அப்படித்தான்: மேலே ஒட்டியது புதுசு, தாங்குவது பழைய கேசிங், அதாவது டயரின் உடம்பு. கேசிங் யாருடையது, என்ன வயசு என்று தெரிந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

பட்டன் மாதிரியில் ரிப் போதும், அதாவது நீளவாக்கில் கோடு ஓடுவது. லக் மாதிரி இழுக்கிற சக்கரத்துக்கு, இதற்குத் தேவையில்லை. இட்டேரியில் கிளுவை வேலி ஓரமாகவே ஓட வேண்டியிருப்பதால் நைலானே நல்லது, பக்கச்சுவர் முள்ளையும் கல்லையும் தாங்கும். ரேடியல் (கம்பி அடுக்கு வைத்த டயர்) குளிர்ச்சியாக ஓடும், ஆனால் பக்கச்சுவர் மெல்லிசு. எதை எடுத்தாலும் ஒரே அச்சில் இரண்டையும் கலக்காதே.

புது டயருக்குப் புது டியூப், புது ஃபிளாப் (டியூப் ரிம்மில் உரசாமல் இடையில் போடும் ரப்பர் பட்டை). பழைய டியூப் ஊதி ஊதிப் பெருத்திருக்கும். புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பு உராய்ந்தே ஓட்டை விழும். ரிம்மின் உள்பக்கத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து பிரைமர் அடிக்கச் சொல்.

லாக் ரிங் (டயர் கழன்றுவிடாமல் ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) வைத்த ரிம் என்றால் ஒன்றை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே. சக்கரத்தைக் கழற்றும்போது நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்பே வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும். காற்று அடிக்கும்போது முதலில் 10 பவுண்டு மட்டும் அடித்து, ரிங் சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்தோ, ரிம்மோடு சேர்த்துச் சங்கிலி சுற்றியோ மீதிக் காற்றை அடிக்க வேண்டும். அடிக்கிற பையன் ரிங்குக்கு நேராக நிற்கக்கூடாது, பட்டனுக்கு நேராகத் தள்ளி நிற்கட்டும். உட்காராத ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பது பஞ்சர் கடைகளில் நடக்கிற காரியம், காற்று இருக்கும்போது அதைச் செய்தால் ஆளே போய்விடும்.

காற்று எத்தனை பவுண்டு என்பது டயரிலேயே எழுதியிருக்கும், முழுப் பாரத்துக்கு அந்த அளவே வை. கட்டையால் தட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். 90-க்கும் 70-க்கும் அந்தச் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு கேஜ் வாங்கிக்கொள். டயர் ஆறியிருக்கும்போது, குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டும். ஆலை யார்டில் வரிசையில் இரவெல்லாம் நிற்கிறதே, விடிகாலையில் அங்கேயே அளக்கலாம். பாரம் இருப்பதால் அளவு பெரிதாக மாறாது. ஓடிய டயரில் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் சுமார் 3, 4 பவுண்டு ஏறியிருக்கும். கூடிவிட்டதென்று அதை இறக்கிவிடாதே. ஆறியதும் அந்த அளவு குறைந்து நிற்கும், மறுநாள் குறைந்த காற்றோடு இன்னும் வேகமாகச் சூடேறும். கரூர் பரமத்திப் பக்கம் சித்திரை வெயிலில் தார் எப்படிக் கொதிக்கும் என்று உனக்கே தெரியும், பாரவண்டியை விடியலில் அனுப்பு.

பட்டறையில் வண்டியை எடுக்கும்போது ஸ்டீல் டேப்பால் அளக்காமல் எடுக்காதே. இழுப்புச் சட்டத்தை நேராக வைத்து, இடப்பக்கம் முன் ஹப் (சக்கரக் குடம்) நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை அள. வலப்பக்கமும் அதேபோல. இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு குறுக்கே மூலைக்கு மூலை. வித்தியாசம் கூடினால் அச்சு கோணலாக உட்கார்ந்திருக்கிறது, யூ போல்ட்டைத் தளர்த்தி நேராக்கச் சொல். இதை விட்டுவிட்டால் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடும். பட்டன்மேல் குறுக்காக உள்ளங்கையை ஓட்டினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும், திருப்பி ஓட்டினால் ரம்பப் பல்லாகவும் குத்தும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, முதல் 50 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கு.

வெட்டு முடிந்து வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் அச்சுக்கடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து, வெயில் படும் பக்கம் சாக்குப் போட்டு மூடு. உர மூட்டை ஏற்றி வந்தால் ரிம்மைக் கழுவிவிடு.

ஸ்டெப்னிக்கும் அதே அளவு, அதே பாரக் குறியீடு உள்ளதாகவே வாங்கு. பட்டறைக்காரர் எந்த நாளில் வண்டி தருகிறார் என்று எழுது. டேப்பும் கேஜும் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாக அளந்து வாங்கி வருவோம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை